காலி வீட்டுச் சாவியின் எடை

முன்னொரு காலத்தில், வீட்டுத் தரகர்கள் இன்னும் பிறந்திராத நல்ல காலத்தில், ஒரு தேசத்தைக் கனகசேன மகாராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை முளைத்தால் மாலைக்குள் அது காய்த்துவிட வேண்டும் அவருக்கு.

ஒருநாள் நகர்வலம் போனபோது, ஊஞ்சலில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு செட்டியாரைப் பார்த்து, "உமக்கு என்ன தொழில்?" என்று கேட்டார்.

"நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன், மகாராஜா. வேறு தொழில் எதற்கு?"

அவ்வளவுதான். தமக்கும் நூறு வாடகை வீடு வேண்டும் என்று மகாராஜா பிடிவாதம் பிடித்தார்.

பிரதானி கோபண்ணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரில் செங்கல் சூளை வைத்திருந்தவன் அவர் மைத்துனன். "முதலில் கஜானாவின் மிச்சப் பணத்தில் பத்து வீடு கட்டுவோம் மகாராஜா. மீதித் தொண்ணூறுக்குப் பஞ்சக் களஞ்சியத்து நெல்லை விற்றுவிடலாம். சும்மாதானே கிடக்கிறது! வருஷம் பன்னிரண்டு மாதமும் வாடகை கொட்டும். ஆபத்து துளியும் இல்லை" என்றார்.

சபையின் விகடகவி மாசிலாமணிக்கு அன்று சிரிப்பே வரவில்லை. ஏழு வயதில் அவன் ஒரு பெரும் பஞ்சத்தைப் பார்த்தவன். பெற்றவர்கள் போனார்கள்; அவனைப் பிழைக்க வைத்தது அந்தக் களஞ்சியத்துக் கஞ்சி. தலையே போனாலும் அதிலிருந்து ஒரு படி நெல் விற்க விடுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்துவிட்டான்.

"மகாராஜா, லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆபத்தும் உண்டு. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு இறங்குவதல்லவா முறை?" என்றான்.

கோபண்ணர் விடுவாரா? "எடைதானே? அரண்மனைத் தராசிலேயே போடட்டும்! பத்து வீடும் முடிந்த மறுநாள் என் தட்டில் லாபத்தை வைக்கிறேன். தன் தட்டில் அவன் ஆபத்தை வைக்கட்டும். முடியாவிட்டால் நெல்லையும் விற்போம், இவனையும் ஊரைவிட்டு அனுப்புவோம்."

சபை கொல்லென்று சிரித்தது. ஆபத்தை எப்படித் தூக்கித் தட்டில் வைப்பது? மகாராஜாவுக்கோ வேடிக்கை பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

சூளைக்காரன் மாடாய் உழைத்தான். வீடுகள் முடிந்தன. குறித்த நாளில் சபை கூடியது. கோபண்ணர் பத்து இரும்புச் சாவிகளைக் கொண்டுவந்து தட்டில் கொட்டினார். ஒவ்வொன்றும் முழ நீளம். தட்டு தரையைத் தொட்டது.

"இதோ லாபம், மகாராஜா! பத்து வீடு, பத்துச் சாவி!"

மாசிலாமணி வெறுங்கையோடு வந்து நின்றான்.

"உன் ஆபத்து எங்கே?" என்றார் மகாராஜா.

"சிரமப்பட்டுத் தூக்க வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டேன். பிரதானியாரே சுமந்துவந்து வைத்துவிட்டார். மகாராஜா, நான் இதுவரை ஏழு வாடகை வீடு மாறியவன். குடியிருக்கும் வீட்டின் சாவி குடித்தனக்காரர் இடுப்பில் இருக்கும். வீட்டுக்காரர் கையில் இருக்கும் சாவி காலி வீட்டுச் சாவி. காலி வீடு லாபமா, ஆபத்தா?"

மகாராஜா தாடியைத் தடவினார். கோபண்ணர், "அதற்கென்ன, இப்போதே பறையறைவோம்! பொழுது சாய்வதற்குள் ஒரு சாவியும் மிஞ்சாது" என்று துள்ளினார்.

"ஜனங்கள் எடுத்த சாவியெல்லாம் உம் எடை. மிஞ்சியதெல்லாம் என் எடை. சம்மதமா?" என்றான் மாசிலாமணி.

"சம்மதம்!"

பறை முழங்கியது. வீட்டுக்குத் தட்டுப்பாடான ஊர். ஜனங்கள் திமுதிமுவென்று வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கிணற்றில் நீர் இறைத்துக் குடித்தார்கள், புகழ்ந்தார்கள். சாவியை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"ஏனம்மா, வீடு பிடிக்கவில்லையா?" என்று மகாராஜாவே ஒரு பூக்காரியைக் கேட்டார்.

"வீடு லட்சணமாத்தான் இருக்கு சாமி. அதுக்காக ஆடி மாசத்துல அடுப்பைத் தூக்கிட்டு அலைவாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

பிறந்தது முதல் ஒரே அரண்மனையில் இருக்கும் மகாராஜாவுக்கு இது புதிய செய்தி. பாட்டன் கட்டிய மாளிகையில் வாழும் கோபண்ணருக்கும் வீடு கட்டும் வேகத்தில் மாதம் நினைவில் இல்லை. "ஒரு மாத வாடகை வேண்டாம்! இரண்டு மாதம்!" என்று கத்திப் பார்த்தார். கூட்டம் கும்பிடு போட்டுவிட்டுக் கலைந்தது.

"வாடகையே வேண்டாம், பிரதானியாரே ஒரு வீட்டில் இன்று பால் காய்ச்சிக் குடிபோகட்டும். ஒரு சாவியாவது நகருமே!" என்றான் மாசிலாமணி.

கோபண்ணர் பதறிப்போனார். "ஆடியிலா? ஐயையோ! என் சம்சாரம் என்னை வாசலோடு நிறுத்திவிடுவாள், மகாராஜா!"

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை மாசிலாமணி காத்திருந்தான்.

"ஆவணியில் இந்தப் பத்தும் நிரம்பும், மகாராஜா. பிறகு மார்கழியில் ஒருவன் காலி செய்தால் தை வரை ஆள் வராது. ஐப்பசி மழையில் ஓடு மாற்ற வேண்டும். இதெல்லாம் தாங்கக்கூடிய ஆபத்து. மிச்சப் பணத்தில் கட்டினால் லாபமே. ஆனால் மழை பொய்த்த வருஷம் குடித்தனக்காரர்கள் தண்ணீர் இருக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள். நூறு சாவியும் நம் கைக்குத் திரும்பிவரும். வாடகை நிற்கும் அதே வருஷம்தான் களஞ்சியமும் வேண்டும். அன்றைக்குச் செங்கல்லையா வேகவைத்துக் கொடுப்போம்? நான் அந்தக் கஞ்சி குடித்து வளர்ந்தவன், மகாராஜா. அந்த நெல்லை விற்காதீர்கள்."

மகாராஜா எழுந்து வந்தார்.

"பத்து வீட்டோடு நிற்கட்டும். வாடகையை நெல்லாக வாங்கிக் களஞ்சியத்திலேயே கொட்டுங்கள். ஆவணி வரை காலியாகக் கிடக்கும் நஷ்டத்தைக் கோபண்ணரின் மைத்துனன் செங்கல் கிரயத்தில் கழித்துக்கொள்வான்" என்று சொல்லி, கோபண்ணரின் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டு, "இன்றுமுதல் களஞ்சியத்துக்கு நீதான் காவல்" என்றார்.

மாசிலாமணி மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு களஞ்சியத்தைப் பார்க்க நடந்தான்.