எல்லாரையும் கூப்பிடு

மேடைப் பேச்சாளர் இளம்பரிதிக்கு மைக் எதற்கு என்று ஊரில் கேட்பார்கள். அவர் தேரடியில் பேசத் தொடங்கினால் தாலுகா ஆபீஸில் ஜன்னல்களைச் சாத்துவார்கள். அப்படிப்பட்டவர் நாற்பத்தைந்து வயதில் வடிவாம்பாளிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார்.

வடிவாம்பாள் பீடித் தொழிலாளர் சங்கத்தில் தலை நரைத்தவர். போராட்டம் செய்து பலமுறை சிறைக்குப் போனவர். பிறகு அங்கே கிடப்பவர்களுக்காகப் போய்வரத் தொடங்கியவர். நீதிமன்றம் அமைத்த பார்வையாளர் குழுவில் அவர் இருந்தார். மாதம் ஒரு முறை ஊர்க் கிளைச் சிறைக்குள் போகலாம், கைதிகளோடு பேசலாம். கைதிகளுக்கும் வார்டர்களுக்கும் அவர் வடிவக்கா. குழுவுக்கு இன்னொருவர் வேண்டும் என்றபோது இளம்பரிதியின் பெயரை அவர்தான் கொடுத்தார். குரல் இருக்கிறது, மனசு இருக்கிறது, மற்றது வந்துவிடும் என்றாராம்.

முதல் மாதம் வடிவக்காவுக்குக் காய்ச்சல். இளம்பரிதி தனியாகப் போனார்.

அன்று சுவரில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சாம்பாரில் காய் கிடந்தது. கைதிகளை முற்றத்தில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு ஜெயிலர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். இளம்பரிதி தேரடிக் குரலில் கேட்டார்.

"உங்களில் யாருக்காவது குறை உண்டா, தோழர்களே?"

எல்லோரும் ஜெயிலரின் பூட்சைப் பார்த்தார்கள். மரியசூசை என்கிற மீனவர் மட்டும் எழுந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கரையில் நடந்த ஒரு கைகலப்பில் பிடிபட்டு, ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் கிடந்தவர். குடிக்கிற தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றார். ஒரு வார்டர் குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் அடிக்கிறார் என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இளம்பரிதிக்குப் புல்லரித்தது. அன்று சாயங்காலமே தேரடியில் கூட்டம் போட்டார். மரியசூசையின் பெயரை ஊரே கேட்கும்படி முழங்கினார். அடங்காத கைதட்டல். அன்று அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

அடுத்த மாதம் வடிவக்காவும் அவரும் சேர்ந்து போனார்கள். மரியசூசையின் வலது கையில் மாவுக்கட்டு.

"என்ன ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன், அண்ணாச்சி."

மரியசூசை தரையைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் அந்த வார்டர் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

நம் சிறைகளில் குளியலறைத் தரைக்கு நல்ல ஞாபகசக்தி. யார் வாயைத் திறந்தார் என்பது அதற்கு மறக்காது. மந்திரி மகன் உள்ளே போனால் மட்டும் அது காய்ந்து கிடக்கும்.

இளம்பரிதி அந்த இடத்திலேயே ஒரு கூட்டம் போட்டுவிடுவார் போலிருந்தது. வடிவக்கா அவர் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். சுவரோரம் போனதும் இளம்பரிதியின் குரல் உடைந்தது.

"வாயைத் திறந்தா கையை உடைக்கிறான். திறக்கலேன்னா உள்ளே நடக்கிறது யாருக்கும் தெரியாது. இதுக்கு என்னதான் வழி, அக்கா?"

வடிவக்கா ஜெயிலரிடம் போய் இரண்டு முக்காலி கேட்டார். முற்றத்தின் அந்தக் கோடியில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், எதிரெதிராகப் போட்டார். நீங்கள் இங்கிருந்து எங்களைப் பார்க்கலாம், காதுதான் எட்டக் கூடாது, கோர்ட் உத்தரவு அப்படி என்று ஜெயிலரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பரிதி, எல்லாரையும் கூப்பிடு. ஒவ்வொருத்தரா."

"மொதல்ல மரியசூசையை..."

"கதவோரம் இருக்கிறவர்ல இருந்து ஆரம்பி."

இளம்பரிதி கூப்பிட்டார். ஒருவர் வந்தார், ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் உட்கார்ந்தார், எழுந்து போனார். அடுத்தவரும் அவ்வளவு நேரம்தான். பேச ஒன்றுமே இல்லை என்று வந்தவரையும் வடிவக்கா விடவில்லை. ஊர் எது, அங்கே எந்த மாதம் கோயில் கொடை என்று விசாரித்தார். பகலெல்லாம் தூங்குகிற ஒருவரை எழுப்பிக் கூட்டிவரச் சொன்னார். அவர் வந்து முக்காலியிலும் தூங்கினார். அவருக்குரிய நேரம் முடியும்வரை அக்கா பக்கத்தில் சும்மா இருந்தார்.

வார்டருக்குப் பொறுக்கவில்லை. கைதிகளுக்குப் பெண் பார்க்கிறீர்களா, அக்கா, தரகு எவ்வளவு என்று அங்கிருந்தே கேட்டார். உங்களுக்கும் பார்க்கிறேன், முதலில் குடியை விடுங்கள் என்றார் வடிவக்கா. கைதிகள் சிரித்தார்கள். வார்டரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

பிச்சுமணி என்று ஒரு கைதி. ஜெயிலருக்குக் காது அவன்தான். யார் என்ன பேசினார்கள் என்று போய்ச் சொல்லி, பதிலுக்குப் பீடி வாங்கிக்கொள்வான். இவன் எதற்கு என்று இளம்பரிதி முணுமுணுத்தார். கூப்பிடு என்றார் அக்கா. பிச்சுமணி தன் மூலவியாதியைப் பற்றிக் கண்ணீர் மல்கச் சொன்னான். அவர் தலையாட்டிக் கேட்டார்.

மரியசூசையின் முறை வந்தது. இளம்பரிதி தூரத்தில் நின்று அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே டீ குடிக்கிற நேரம். வடிவக்கா கையசைத்தார். மரியசூசை எழுந்து போய்விட்டார்.

"அவ்வளவுதானா, அக்கா? கை உடைஞ்ச மனுசனுக்கும் பிச்சுமணிக்கும் ஒரே நேரமா?"

"அடுத்தவரைக் கூப்பிடு."

வெயில் சாய்ந்த பிறகுதான் வெளியே வந்தார்கள். வாசலில் ஜெயிலர், யார் என்ன குறை சொன்னார்கள், சொன்னால் சரிசெய்யலாமே என்று குழைந்தார். எல்லோரும் பேசினார்கள் என்றார் வடிவக்கா. தூங்கியவரை விட்டால் அது உண்மைதான்.

ஒரு வாரத்தில் மாஜிஸ்திரேட் சொல்லாமல் வந்து இறங்கினார். கூடவே எலும்பு டாக்டர். வடிவக்கா எழுதிக் கொடுத்ததில் ஒரு கைதியின் பெயர்கூட இல்லையாம். எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று மட்டும் இருந்ததாம். டாக்டர் பிச்சுமணி உட்பட ஒருவர் விடாமல் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். பலர் முதுகில் பெல்ட்டின் பக்கிள் பதிந்திருந்தது. குடிநீர் லாரி வர ஆரம்பித்தது. அந்த வார்டரை மாற்றினார்கள். வேலை போகவில்லை, ஊர்தான் மாறியது. இந்த நாட்டில் அதற்கே பட்டாசு வெடிக்கலாம்.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை, விடுதலையாகி வந்த ஒருவர் டீக்கடையில் இளம்பரிதியிடம் சொன்னார். ஜெயிலர் கைதிகளை வரிசையாக நிறுத்தி, எவன்டா சொன்னது என்று கேட்டாராம். யாரும் வாய் திறக்கவில்லை. பிச்சுமணியைத் தனியாகக் கூப்பிட்டாராம். கண்ணீர் விட்டுப் பேசியவன் நீ ஒருவன்தான், நீதானே சொன்னது என்றாராம். பிச்சுமணி மூலவியாதியை நிரூபிக்கப் படாத பாடு பட்டானாம். கடைசியில் யாரை அடிப்பது என்று தெரியாமல் ஜெயிலர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

இளம்பரிதியின் டீ ஆறிப் போயிருந்தது.

அந்த மாதம் முழுக்க அவர் மேடை ஏறவில்லை. மரியசூசையிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுபடி போன அன்று வடிவக்கா முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னிக்கு நீ உட்காரு. நான் கூப்பிடுறேன்."

மூன்று மணி நேரம் முழங்குகிற மனிதருக்கு முதல் ஆளிடம் பேச வார்த்தை கிடைக்கவில்லை. வந்தவரே பரிதாபப்பட்டு, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு ஓடியது.

மரியசூசை வந்து உட்கார்ந்தார். கட்டுப் பிரித்திருந்தார்கள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. வலை இழுக்கிற கை அது.

வராந்தாவில் ஜெயிலர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இளம்பரிதியின் இரண்டு கைகளும் கும்பிடத் தாமாகவே எழும்பின. அவர் அவற்றைத் துண்டை எடுக்க அனுப்பிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைக்கலாமா என்று யோசித்தார். துடைக்கவில்லை.

சாப்பாடு எப்படி என்று கேட்டார். தண்ணீர் எப்படி என்று கேட்டார். மற்றவர்களிடம் கேட்டதுதான். இப்போது கடலில் என்ன மீன் படும் என்றும் கேட்டார். காரல் என்றார் மரியசூசை. மாங்காய் போட்டுத் தன் வீட்டில் வைக்கிற காரல் குழம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, எதிரே இருப்பவரின் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்துவிட்டுக் குழம்பைத் தொடர்ந்தார்.

நேரம் முடிந்தது. இளம்பரிதி கையசைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வடிவக்கா அவித்த கடலைப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, முகம் தொங்குது?"

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அக்கா. முடியல."

"என்ன பேசினே?"

"காரல் மீன் குழம்பு."

"அவருக்கு முன்னால வந்தவர்கிட்ட?"

"மக பரீட்சை."

"பின்னால வந்தவர்கிட்ட?"

"இருமல்."

"இவரைக் கூடக் கொஞ்ச நேரம் உட்கார வச்சியா?"

"இல்லை."

வடிவக்கா தொலி உரித்த கடலையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்புறம் என்ன? கேட்டாச்சு."