கிணற்றடியில் உயர்ந்த கை

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழக்கு வைத்திருக்கிறேன். சாட்சி சொல்ல வேண்டியவள் உயிரோடு இல்லை. ஆனால் நடக்கிறாள். பதறாமல் கேளுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர் மார்த்தாண்டனின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொய் வீட்டைக் கட்டியிருந்தார்கள். செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கண்ணையும் காதையும் மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் அந்த வீட்டுக்குள் நிற்பீர்கள். முற்றம், அடுக்களை, பின்னால் கிணறு. ஒரு பெண் அங்கே வேலை செய்தபடி நடமாடுவாள். வெறும் வீட்டைவிட ஆள் புழங்கும் வீட்டை மனசு சீக்கிரம் நம்புகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் முகம் கம்ப்யூட்டர் வரைந்தது. நடை மட்டும் நித்திலாவுடையது. ஆராய்ச்சி மாணவி ஜெபக்கனியின் உயிர்த்தோழி அவள். இருவருக்கும் ஒரே கூடத்தில் வேலை. உடம்பெல்லாம் சென்சார் கட்டிக்கொண்டு நித்திலா நடக்க, ஜெபக்கனிதான் பதிவு செய்தாள். நடக்கும் முன் நித்திலா ஒரு வாக்கு வாங்கினாள்.

"கடைசி ஆளு பாத்துட்டு வெளிய வந்ததும் இத அழிச்சிரணும் கனி. நான் இல்லாத வீட்டுல என் நடை மட்டும் சுத்திக்கிட்டு இருக்கக் கூடாது."

"அழிச்சிருதேன் பிள்ள. போதுமா?"

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே இருப்பவர் வலது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. அவர் கை தூக்கினாலோ தானே கழற்றினாலோ ஒழிய, யாரும் அவரை வெளியே இழுக்கவும் கூடாது. வருகிறவர்களிடம் இதை வாய்விட்டுச் சொல்லி உறுதி கொடுத்த பிறகுதான் ஹெட்செட்டை மாட்டுவார்கள். பதிவு நாளில் நித்திலாவுக்கும் அதே சட்டம்தான். கிணற்றடி வரை நடந்தவள், களைத்துப்போய்க் கையைத் தூக்கினாள். ஜெபக்கனி உடனே நிறுத்தினாள். பதிவின் கடைசியில் அந்தக் கை அப்படியே தங்கிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலை சுற்றுகிறது என்று அடுக்களையோடு கழற்றிவிட்டதால், அதை வெட்டி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நித்திலா காய்ச்சலில் படுத்தாள். தாய் ஆவுடையம்மாள் தென்காசியிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. "போறப்ப எம்புள்ள முகத்தப் பாக்கலியே" என்று அவள் அழுத அழுகை ஜெபக்கனியின் காதை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு திரையில் அந்தப் பெண் நடக்கும்போதெல்லாம் ஜெபக்கனிக்கு முதுகு சில்லிடும். வேறெங்கோ பார்த்துக்கொண்டு வேலையை முடிப்பாள்.

ஆராய்ச்சியின் கடைசி ஆளாக ஆவுடையம்மாளே வந்து சேர்ந்தாள். மகள் வேலை பார்த்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தவளை, வயதானவர் ஒருவர் குறைகிறார் என்று பேராசிரியர் பிடித்துவைத்துவிட்டார். நடை யாருடையது என்று ஜெபக்கனி வாய் திறக்கவில்லை. முகம்தான் வேறாயிற்றே, தெரியவா போகிறது என்று இருந்துவிட்டாள். தாயறியாத சூல் உண்டா?

உறுதியைச் சொல்லி ஹெட்செட்டை மாட்டியாயிற்று. பொய் வீட்டுப் பெண் அடுக்களை நிலைப்படியைத் தாண்டினாள். நித்திலா எந்தப் படியைத் தாண்டினாலும் இடது கையால் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பாள். சுடிதார் போட்டிருந்தாலும் கை தானாகப் போகும். இங்கேயும் போயிற்று.

"ஏட்டி கனி... இது எம்புள்ளல்லா!"

ஜெபக்கனி ஹெட்செட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். "கழட்டிருவோமாம்மா?"

"தொடாத. நான் கையத் தூக்குனேனா?"

தாய் அந்த நடையின் பின்னாலேயே போனாள். அடுக்களை, முற்றம், கிணற்றடி. யாரும் அதுவரை பார்க்காத இடத்துக்கு வந்ததும் அந்தப் பெண் திரும்பி நின்றாள். அவளைத் தொட ஆவுடையம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அப்போது அந்தப் பெண்ணின் வலது கை மெல்ல எழுந்தது. கை எழுந்தால் நிறுத்தியே பழகிய விரல், ஜெபக்கனியைக் கேட்காமலே பொத்தானை அழுத்திவிட்டது. வீடு இருண்டது.

ஹெட்செட்டை ஜெபக்கனிதான் கழற்றினாள். ஆவுடையம்மாளின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

"இன்னைக்கும் அவ போறதப் பாக்க விடலியே, பாவி! அழிச்சிராத தாயி. வெள்ளிக்கிழம தோறும் வந்து பாத்துக்கிடுதேன்."

பேராசிரியருக்கோ கண் பளபளத்தது. "அழிக்கவே கூடாது கனி. பெத்தவளே நம்பிட்டாங்க, இதைவிட என்ன சான்று வேணும்? இனி நாம கட்டுற வீட்டுலெல்லாம் இந்த நடைதான்."

ஜெபக்கனி இருவரையும் பார்க்கவில்லை. கடைசி ஆள் வெளியே வந்தாயிற்று, வாக்கு வாக்குதான் என்று அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

இப்போது சொல்லுங்கள். வைத்துக்கொள் என்ற பெற்றவள், வளர்த்துப் பெருக்கு என்ற பேராசிரியர், அழிக்கத் துணிந்த தோழி: இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்? ஜெபக்கனி செய்ய வேண்டியது என்ன?

விடை: மூன்று பேருமே ஒன்றை மறந்தார்கள். கிணற்றடியில் எழுந்த கைக்கு ஜெபக்கனி அன்றே பணிந்துவிட்டாள். பதிவு நின்றது அதனால்தான். ஒரே கைக்கு இரண்டு முறை நிறுத்த வேண்டியதில்லை. இன்று வீட்டுக்குள் இருந்தவள் ஆவுடையம்மாள். அவள் கை தூக்கவில்லை, தானே கழற்றவும் இல்லை. பிடித்து இழுத்துப் போட்டவளை வெளியே வந்தவள் என்று கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே கடைசி ஆள் இன்னும் வெளியே வரவில்லை, அழிக்கும் வேளையும் வரவில்லை. ஜெபக்கனி தோழிக்குக் கொடுத்த வாக்கைத் தாயிடம் மறைக்காமல் சொல்லி, அவளை மறுபடி உள்ளே அனுப்பி, பொத்தானை விட்டு விலகி நிற்க வேண்டும். தாயின் கை எழுந்த பிறகு அழிக்க வேண்டும். பேராசிரியர் வேறு நடை தேடிக்கொள்ளட்டும். தாய் கை தூக்கவே மாட்டாள் என்கிறீர்களா? கிணற்றடி வரும். போதும் என்று மகள் கையைத் தூக்கிக்கொண்டு எதிரே நிற்பாள். அதைப் பார்த்த பிறகும் பெற்றவள் எத்தனை நேரம்தான் தன் கையைக் கீழே வைத்திருப்பாள்?