ஒகாடா சாரிடம் கேட்க ஒரு வாக்கியம்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் மார்த்தா ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்து வந்தாள். படிக்க வருகிறவர்கள் அவளை சென்செய் என்பார்கள். ஆசிரியர் என்று பொருள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பரஞ்சோதியும் அப்படித்தான் கூப்பிட்டார். கார் பாகம் செய்கிற கம்பெனியில் அவர் சூப்பர்வைசர்.

அன்று வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப்போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"சென்செய், மனசுல இருக்கறதை மறைக்காம சொல்லுங்கன்னு ஒருத்தர்கிட்ட மரியாதையா கேக்கணும். ஜப்பான்காரங்க அதை எப்படிக் கேப்பாங்க?"

"யார்கிட்ட கேக்கப் போறீங்க?"

"எங்க மேனேஜர் ஒகாடா சார்கிட்ட. நாளைக்கு என் லைனைப் பாக்க வர்றார். போன வருஷம் குமரேசன் லைனைப் பாத்துட்டு, அருமை, உங்களை மாதிரி ஆள் எல்லா இடத்துலயும் வேணும்னார். குமரேசன் எங்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் கொடுத்தான். அடுத்த மாசமே அவனைத் தூக்கி குடோன்ல போட்டுட்டாங்க."

"நீங்க லட்டு சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு." அவர் சிரிக்கவில்லை. "ஐம்பத்தொரு வயசுல என்னால குடோன்ல கிடக்க முடியாது சென்செய். ரெண்டு வாரமாத் தூக்கமில்ல. திட்டினாக்கூடப் பரவாயில்ல, தெரிஞ்சாப் போதும்."

மார்த்தா பலகையில் தமிழ் எழுத்தில் எழுதினாள். சொச்சொகுனா கோ-இகென் ஓ ஒகிகாசெ குதசாய்.

பரஞ்சோதி நாலு தடவை சொல்லிப் பார்த்தார். ஐந்தாவது தடவை இடுப்பை வளைத்து வணங்கியே சொன்னார்.

"சுத்தமா வருது," என்றாள். "சார், உங்க முகத்துக்கு நேரா குத்தம் சொன்னவங்க யாராவது உண்டா?"

"என் லைன்ல இருந்தா ஒருத்தி. செவ்வந்தின்னு பேரு. மேசை தாழ்வா இருக்கு, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகுது, இதைப் போட்ட மகராசனை ஒரு நாள் இங்க நிக்க வெச்சுப் பாருங்கன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னா. மேசை போட்டது நான்தான்."

"இப்ப எங்கே இருக்கா?"

"பேக்கிங்ல."

"அவளா கேட்டுப் போனாளா?"

"இல்ல. வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

"மேசை?"

பரஞ்சோதி பேனா மூடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"நாலு அங்குலம் ஏத்திட்டேன். அவ போன பிறகு."

கீழே மருந்துக்கடையில் யாரோ குழந்தைக்கு இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"நல்லபடியாத்தான் சொன்னேன். மனசு நோகக் கூடாதில்லையா. அருமையா வேலை செய்யறே, பேக்கிங்குக்கு உன்னை மாதிரி ஆள்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

மார்த்தா பலகையைத் துடைத்தாள்.

"நாளைக்கு ஒகாடா சார் என்ன சொன்னாலும் உங்களுக்குப் புரியும் சார். என்கிட்ட அர்த்தம் கேட்டு வராதீங்க."