இலையில் இருந்த மிச்சம்

மலையடிவாரத்தில் ஒரு மடம். ஆடிப் பௌர்ணமியன்று அங்கே சாமி தன் கையாலேயே சோற்றை உருண்டை பிடித்து, வருகிறவர்களின் உள்ளங்கையில் வைப்பார். அதற்குப் பிடிசோறு என்று பெயர். அதைத் தின்றால் அந்த வருஷம் நோய் அண்டாது என்பது நம்பிக்கை.

இப்போதைய சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் குப்பண்ணனுக்கோ அறுபது நெருங்கிவிட்டது. முந்தைய சாமிக்கும் அவர்தான் சீடர். அதனால் குருவே சீடரை 'அண்ணா' என்று கூப்பிடுவார். குப்பண்ணனுக்கு அதில் கூச்சமும் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்னொரு வழக்கமும் மடத்தில் இருந்தது. சாமி உண்ட இலையில் மிஞ்சுவதை மூத்த சீடர் பிரசாதமாகச் சாப்பிடுவார். இளைய சாமிக்கு அது பிடிக்காது. ஆனால் பெரியவர் மனம் நோகுமே என்று தடுத்ததில்லை.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் பக்கத்து மேட்டுப்புதூரில் ஒரு காய்ச்சல் வந்தது. வௌவால் என்றார்கள். காற்று என்றார்கள். செல்போனில் நிமிஷத்துக்கு ஒரு செய்தி வந்தது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மகள் பூவாத்தா மட்டும் மிச்சம். ஊர்க்காரர்கள் முள்ளை வெட்டிப் போட்டு, அந்த வீடு இருந்த சந்து முழுவதையும் அடைத்துவிட்டார்கள்.

பௌர்ணமிக்கு முன்தினம் விடிந்ததும் சாமி எங்கிருந்தோ வந்தார். மடத்துக்குள் நுழையவில்லை. பம்புசெட்டில் குளித்துவிட்டு, வெளியே புங்கமரத்தடியில் பாயை விரித்துக்கொண்டார்.

"என்னுங்க சாமி, உள்ள வரலீங்களா?"

"கொஞ்ச நாளைக்கு இங்கதான் அண்ணா. சாப்பாட்டை அந்தக் கல்லு மேல வெச்சுட்டுத் தள்ளிப் போயிடுங்க. இலையை நானே புதைச்சுக்கறேன். நீங்க தொட வேண்டாம்."

"நாளைக்குப் பிடிசோறு?"

"இந்த வருஷம் இல்லை. கூட்டம் வேண்டாம்னு சொல்லிடுங்க."

குப்பண்ணன் ஆடிப்போனார். பஞ்சத்திலும் நிற்காத வழக்கம் அது.

"சனங்க காரணம் கேப்பாங்களே சாமி?"

"சாமி பயந்துட்டார்னு சொல்லுங்க."

கூட்டம் வேண்டாம் என்று மைக்கில் சொன்னார்கள். வேண்டாம் என்றால்தான் நம் ஆட்களுக்கு வர வேண்டும் என்று தோன்றும். மறுநாள் காலையிலேயே மடத்து வாசல் நிறைந்துவிட்டது. சமையல்காரர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கரண்டியால் பரிமாறினார்கள். யாருக்கும் அது போதவில்லை.

"முள்ளுப் போட்டு அடைச்ச சந்து பக்கமா நாங்க போறோமா? நோய் எங்கேயோ இருக்குது, இவரு எங்களைப் பாத்துப் பயப்படறாரு!" என்று ஒருவர் கத்தினார்.

"கோழைச் சாமி!" என்றார் இன்னொருவர்.

குப்பண்ணனின் தங்கை செல்லாத்தாளும் வந்திருந்தாள். வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு புங்கமரத்தை நோக்கி ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

"ஒரே ஒரு உருண்டை சாமி. எம் பையனுக்கு மட்டும்."

சாமி எழுந்து பின்வாங்கினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அங்கேயே நில்லும்மா. கிட்ட வராதே."

நீட்டிய கையோடு அவள் நின்ற நிலையைக் குப்பண்ணன் பார்த்தார். பெற்ற அப்பனே இறந்தபோதும் அழாத மனிதர், அன்றைக்கு அழுதார்.

அதன் பிறகு அவர் செய்ததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். சுடுசோற்றில் ஒரு பிடி அள்ளி, முந்தைய சாமியை மனதில் நினைத்துக்கொண்டு உருண்டை பிடித்தார். வாழையிலையில் சுருட்டிக் கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுத்தார்.

"சாமி குடுத்ததா நெனச்சுக்க. விளக்கு வெச்சதும் பையனுக்கு ஊட்டு."

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. செல்லாத்தாள் ராத்திரி தங்கிவிட்டுப் போவதாகச் சத்திரத்தில் இருந்தாள். குப்பண்ணன் புங்கமரத்தடிக்குப் போய்ச் சற்றுத் தள்ளி நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா சாமி? பயப்படாதே, பயப்படாதேன்னு எங்களுக்கெல்லாம் சொன்னீங்க. இப்ப உங்களுக்கே பயமா?"

"பயம்தான்."

"சாவுக்கா?"

"என் கைக்கு."

குப்பண்ணனுக்குப் புரியவில்லை. சாமி சொன்னார்.

"நேத்து விடியறதுக்கு முன்னாடி பூவாத்தாளுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. ஆம்புலன்ஸ் முள்ளுக்கு இந்தப் பக்கமே நின்னுபோச்சு. ஊரே கதவைச் சாத்திட்டுக் கெடந்துச்சு. நான்தான் அவளைத் தூக்கிட்டு வந்து ஏத்திவிட்டேன். வழியில எம்மேலேயே வாந்தி எடுத்தா. எனக்கும் ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம், தெரியற வரைக்கும் யாரையும் தொடாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

குப்பண்ணன் கைகூப்பினார். "இதைச் சொல்லியிருந்தா சனங்க உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாங்களே சாமி!"

"அதைத்தானே தொடக் கூடாதுங்கறேன்." சாமி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சாமிக்கே நோயைக் குடுத்துட்டாளான்னு கேட்டிருப்பாங்க அண்ணா. இந்நேரம் அந்த முள்ளு எரிஞ்சிருக்கும், வீட்டோட சேந்து. அவ பொழைச்சுத் திரும்பி வந்தா எங்கே போவா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

சாமி கல்லின் பக்கம் திரும்பினார்.

"காலையில நான் குளிச்சுட்டு வந்து பாத்தா, கல்லு மேல நான் சாப்பிட்ட இலையைக் காணோம். காத்துல பறந்துடுச்சுன்னு நெனச்சேன்."

குப்பண்ணன் நிலத்தைப் பார்த்தார்.

"என்ன செஞ்சீங்க அண்ணா?"

"எப்பவும் போல... கொஞ்சம் சோறு மிச்சம் இருந்துச்சுங்க. பக்தியிலதான் சாமி..."

"பக்தின்னு எனக்குத் தெரியும். காய்ச்சலுக்குத் தெரியுமா?"

குப்பண்ணன் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். மடத்துக்குள் யாரோ விளக்கை ஏற்றினார்கள். அடுத்த நிமிஷம் அவர் சத்திரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது. இருந்தாலும் ஓடினார்.

செல்லாத்தாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பையன் மடியில் விழித்துக் கிடந்தான். அவள் இலைச்சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டாதே அம்முணி! அதைக் கீழே போடு!"

அவள் திடுக்கிட்டாள். உருண்டை கீழே விழுந்தது.

"சோத்துக்கு என்னண்ணா?"

"சோத்துக்கு ஒண்ணும் இல்லை. அதைப் பிடிச்சது நான். போ, மொதல்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவு."

அவள் ஒன்றும் விளங்காமல் போய்க் கழுவிவிட்டு வந்தாள். பையனுக்கு மாமனைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எம்பினான்.

"வந்ததிலிருந்து உம் மருமகனை நீ தூக்கவே இல்லை. இந்தா, பிடி" என்று அவள் பிள்ளையை நீட்டினாள்.

குப்பண்ணன் பின்வாங்கினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

செல்லாத்தாளின் முகம் சுருங்கியது.

"அந்தச் சாமியோட பயம் உனக்கும் ஒட்டிக்கிச்சா அண்ணா?"

பையன் எட்டாத கையைப் பார்த்து அழ ஆரம்பித்தான். குப்பண்ணன் புங்கமரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"ஒட்டிக்கிச்சு, அம்முணி."