மாசாணம் சவுண்ட் சர்வீஸ் டிஸ்க்கைக் குளிப்பாட்டிய கதை

புத்திசாலிகள் வழிதவறிக்கூட வந்துவிடாத ஊர் ஒன்று திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறது. ஊசிக்குளம் என்று பேர். பஸ் அங்கே நிற்கும். அறிவு மட்டும் இறங்காமல் அதே பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அந்த ஊரில் மைக்செட் வைத்திருப்பவர் மாசாணம் அண்ணாச்சி. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, சாவு, கோயில் கொடை, எதுவானாலும் பாட்டு அவருடையதுதான். கேசட் காலத்திலிருந்து ஊர் ஊராக அலைந்து சேர்த்த பாட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்திருந்தார். அதில் பாதிப் பாட்டு இன்று எங்கே தேடினாலும் கிடைக்காது. பெற்ற பிள்ளைகளைக்கூட மனுஷன் இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை என்று அவர் வீட்டிலேயே குறை உண்டு.

போன வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு சின்னச் சங்கடம் ஆகிவிட்டது. அலங்காரம் முடிந்து அம்மனுக்குத் திரை விலகுகிற நேரம், ஒலிபெருக்கியில் "என்னைப் பெத்த ராசாவே, எங்கய்யா போனீரு" என்று ஒப்பாரி கிளம்பியது. பூசாரி தட்டைக் கீழே போட்டார். கூட்டத்தில் சிலர் பழக்கதோஷத்தில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழவும் செய்தார்கள். விழாக் கமிட்டி கூடி, அடுத்த கொடையிலும் பாட்டில் பிசகு வந்தால் மைக்செட் பக்கத்து ஊர்க்காரனுக்கு என்று முடிவு கட்டியது. கொடை கைவிட்டுப் போனால் கல்யாணமும் காதுகுத்தும் பின்னாலேயே போய்விடும். அப்புறம் அண்ணாச்சி வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பயம் அவரை வருஷம் முழுக்கத் தின்றது.

இந்த வருஷம் கொடை நெருங்கும்போது பார்த்து அவருக்குக் கண் ஆபரேஷன். மதுரைக்குப் போக வேண்டும். கடையில் வேலை பார்க்கும் மூன்று மேதைகளையும் கூப்பிட்டார். மூத்தவன் தளவாய், யோசிக்கிற இலாகா அவனுடையது. அடுத்தவன் கொம்பையா; தனக்கு நல்ல குரல் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கடைசி ஆள் உச்சிமாகாளி. முன்னால் சொன்ன இருவரையும் அறிவாளிகள் என்று நம்புகிறவன். இதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

"லேய், நல்லாக் கேட்டுக்கோங்க" என்றார் அண்ணாச்சி. "புதுசா இன்னொரு டிஸ்க் வாங்கியிருக்கேன். இதுல உள்ள பாட்டு பூராவும் அதுலயும் இருக்கணும். ரெண்டு டிஸ்க்கும் ஒரே இடத்துல இருக்கப்பிடாது. ஒண்ணு கடையில, ஒண்ணு தளவா வீட்டுல. கடை தீப்பிடிச்சாக்கூட ஒண்ணு தப்பிக்கும்லா?"

"தப்பிச்சிரும் அண்ணாச்சி."

"அது முடிஞ்சதும் பழைய டிஸ்க்ல சாவு வீட்டுப் பாட்டு ஒண்ணுகூட இல்லாம சுத்தம் பண்ணிருங்க. கொடை அன்னிக்கு ஒப்பாரி கேட்டுச்சுன்னா என் பொழப்பு போச்சு."

"ஒண்ணுகூடக் கேக்காது அண்ணாச்சி."

இந்த வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அவர்களை நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது.

அண்ணாச்சி பஸ் ஏறியதும் புது டிஸ்க்கைத் தளவாய் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய டிஸ்க் கடையிலே இருந்தது. பிறகு மூவரும் கடை வாசலில் உட்கார்ந்து, பாட்டு எப்படி இங்கேயிருந்து அங்கே போகும் என்று யோசித்தார்கள்.

"ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்ல சொருகுனா தானாப் போவும்" என்றான் கொம்பையா.

தளவாய் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்ல சொருகுனா ரெண்டும் எங்கல இருக்கும்?"

"ஒரே இடத்துல."

"அண்ணாச்சி என்ன சொன்னாவ?"

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவு பெரிய துரோகத்துக்குத் துணிந்ததை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

கடைக்கும் தளவாய் வீட்டுக்கும் நடுவே ஒரு தெரு, ஒரு வாய்க்கால், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி. டிஸ்க்கோடு வந்த வயரோ ஒரு முழம்கூட இல்லை. உச்சிமாகாளி அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, கொம்பையா மறுமுனையைப் பிடித்துத் தளவாய் வீட்டுப் பக்கமாக இழுத்துப் பார்த்தான். நீளவில்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கொஞ்ச நேரம் திட்டினார்கள்.

கடைசியில் தளவாய்க்குத்தான் வழி தோன்றியது. டிஸ்க்தானே போகக் கூடாது, ஆள் போகலாமே. கொம்பையா கடையில் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்க வேண்டியது. கேட்ட பாட்டு மனசில் இருக்கும்போதே தளவாய் வீட்டுக்கு நடக்க வேண்டியது. அங்கே துபாய் மச்சான் கொடுத்த லேப்டாப்பில் புது டிஸ்க்கைச் சொருகி, மைக்கைப் பிடித்துப் பாடிப் பதிவு செய்துவிட வேண்டியது. மேளம், நாதசுரம், கோரஸ் எல்லாம் சேர்த்து.

"மேளத்தையும் நானே பாடணுமா அண்ணே?"

"பாட்டு பூராவும்னு அண்ணாச்சி சொன்னாவளா இல்லையா?"

முதல் பாட்டு பாதி வழியிலேயே தொலைந்தது. வாய்க்கால் பாலத்தில் எதிரே வந்தவர், "என்ன கொம்பையா, சாப்ட்டாச்சா?" என்று கேட்க, இவனும் மரியாதைக்கு "ஆச்சு" என்று வாயைத் திறந்துவிட்டான். பாட்டு போய்விட்டது. திரும்பி ஓடி மறுபடியும் முதலிலிருந்து கேட்டான். அடுத்த தடவை வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தான். முன்னால் உச்சிமாகாளி ஒரு குச்சியை வீசிக்கொண்டு, "பேச்சுக் குடுக்காதீங்க, பாட்டு சிந்திரும்!" என்று கத்திக்கொண்டே போனான். கொம்பையா ஏதோ மௌன விரதம் இருக்கிறான் என்று நினைத்துச் சில பெண்கள் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள்.

தளவாயின் மனைவி பேச்சியம்மாளுக்கு மட்டும் ஊரில் இல்லாத ஒரு வியாதி உண்டு; கொஞ்சம் யோசிப்பாள். வீட்டில் நாள் தவறாமல் கொம்பையா வந்து "டண்டணக்கா" போடுவதைச் சகித்துப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் கேட்டாள். "ஏங்க, அந்த ரெண்டு டப்பாவையும் ஒரு அஞ்சு நிமிசம் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்தா என்ன கொறஞ்சா போவுது?"

"அந்த அஞ்சு நிமிசத்துல தீப்பிடிச்சா?"

பேச்சியம்மாள் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். அந்தச் சத்தமும் பதிவானது.

கொம்பையாவின் தொண்டை கட்டி, பேச்சு வெறும் காற்றாக வருகிற வரைக்கும் வேலை நடந்தது. அதன்பின் சுத்தம் பண்ணுகிற கட்டம். மூவரும் பழைய டிஸ்க்கை மேஜைமேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"போன வருசம் கொடையில ஒப்பாரி எப்படில வந்துச்சு?" என்று தொடங்கினான் தளவாய். "அதுக்கு முந்தின வாரம் மேலத்தெரு சாவுக்கு மைக் கட்டப் போனோம். திரும்பி வந்து மொத வேலையா நாம என்ன செஞ்சோம்?"

"குளிச்சோம் அண்ணே. சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்காம இருப்பாவளா?"

"நம்ம கூட வந்த டிஸ்க்கு?"

கொம்பையாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"குளிக்கல" என்றான் காற்றுக் குரலில்.

"இத்தனை வருசமா எத்தனை சாவு வீடு! ஒரு தடவையாவது ஒரு செம்புத் தண்ணி ஊத்திருக்கோமா? அப்படியே வந்து, அப்படியே அம்மன் கோயிலுக்கும் போயிருக்கு. அம்மா பொறுத்ததே பெரிசு."

உடனே கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று ஒரு விவாதம் நடந்தது. சாவுத் தீட்டுக்குப் பச்சைத் தண்ணீர்தான் முறை என்று தீர்ப்பாயிற்று. தலையில் ஊற்ற வேண்டுமே, இதற்குத் தலை எங்கே என்று உச்சிமாகாளி கேட்டான். வயர் சொருகுகிற ஓட்டைதான் வாய், அதற்கு மேலே தலை என்று தளவாய் விளக்கினான். சோப்புப் போட வேண்டாம், பாட்டில் நுரை தட்டிவிடும் என்றான் கொம்பையா. பாடகன் சொன்னால் கேட்க வேண்டியதுதானே. வாளியில் முக்கி, நன்றாக உதறி, துணி கிளிப் போட்டுக் கொடியில் காயப்போட்டார்கள். காய்ந்ததும் சாம்பிராணி காட்டினார்கள்.

கம்ப்யூட்டரில் சொருகியபோது டிஸ்க் லேசாக ஒரு முறை செருமியது. அதன்பின் மூச்சே இல்லை.

"ஒப்பாரி இருக்கால?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணே!"

மூவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். "சாமிப் பாட்டையும் காணலையே" என்று உச்சிமாகாளி இழுத்தான். தளவாய் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். "அதுவும் ஒப்பாரி கூடப் பழகின பாட்டுதானல. சேர்க்கை சரியில்ல, போவட்டும்."

கொடை அன்று சாயங்காலம் அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கோயிலுக்கு வந்தார். முன்வரிசை நாற்காலியில் பக்கத்து ஊர் மைக்செட்காரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"டிஸ்க் எங்கல?"

"குளிச்சு சுத்தமா இருக்கு அண்ணாச்சி."

நடந்ததைக் கேட்டபோது அவர் அலறவில்லை. ஆம்பிளிஃபயர் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். கிணற்றடியில் கரைந்துபோன பாட்டுகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். திடீரென்று நிமிர்ந்தார். "புது டிஸ்க்! அதுல பாட்டு பூராவும் இருக்குல்லா?"

"பூராவும் இருக்கு அண்ணாச்சி. மேளங்கூட விடல."

அவருக்கு உயிர் வந்தது. உச்சிமாகாளி தளவாய் வீட்டுக்கு ஓடி அதை எடுத்து வந்து சொருகினான். திரை விலகியது. தளவாய் பட்டனை அமுக்கினான்.

ஒலிபெருக்கியில் முதலில் ஓடி வந்த மூச்சிரைப்பு கேட்டது. பிறகு, "பீப்பீ பீபீ, டும்டும் டக்கு, தாயே நீயே துணை, டண்டணக்கா" என்று கொம்பையா கிளம்பினான். சரணத்தில் தொண்டை கட்டியது. நடுவில் பாத்திரம் உருண்டது. "வீடா இது, சத்திரமா? சோறு வேணும்னா மேளத்த நிறுத்தச் சொல்லுங்க" என்று பேச்சியம்மாள் குரல் வாய்க்கால் தாண்டி வயக்காடு வரைக்கும் தெளிவாகப் போனது. பக்கத்து ஊர்க்காரன் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தான். அண்ணாச்சி இரண்டு கையாலும் கறுப்புக் கண்ணாடியைப் பொத்திக்கொண்டார். ஆபரேஷன் செய்யாத கண்ணையும் சேர்த்து மூடினார்.

பாட்டு முடிந்தது. கமிட்டித் தலைவர் ஆவுடையப்பன் மற்றவர்களோடு தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"போன வருசம் ஒப்பாரி கேட்டுச்சு. இந்த வருசம் கேட்டுச்சா? இல்ல. எனவே மைக்செட் மாசாணத்துக்கே. தொண்டை கட்டியும் விடாமப் பாடுன வித்துவானுக்குக் கமிட்டி சார்பா பொன்னாடை!"

பக்கத்து ஊர்க்காரன் எழுந்தான். "இந்த ஊருல தொழில் பண்ண என் படிப்பு பத்தாதுய்யா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். கொம்பையா அவசர அவசரமாகத் தலைசீவி மேடை ஏறினான்.

"நீ எங்கல வாரே?" என்றார் ஆவுடையப்பன். "நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். பாட்டு ஓடுன நேரம் பூரா நீ கடலமிட்டாய் தின்னுக்கிட்டு இருந்தே."

கொம்பையா யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. "ஆமாய்யா, நான் வாயே தெறக்கல" என்று ஒப்புக்கொண்டு இறங்கிவிட்டான்.

ஆகவே பொன்னாடையைப் பாடிய புது டிஸ்க்குக்கே போர்த்தினார்கள். மாலையும் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். பிறகு ஆவுடையப்பன் மைக்கை அதன்முன் பணிவாக வைத்து, இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார். ஊரே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தது. அழுத பிள்ளைகளை அதட்டி அமர்த்தினார்கள்.

வெகுநேரம் காத்திருந்தும் அது வாய் திறக்கவில்லை. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியளா, எவ்வளவு பெரிய வித்துவான், என்ன அடக்கம்!" என்றார். ஊர் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.