வாசலில் நின்ற நீர்மட்டம்

“தெரிஞ்ச கட்டளையெல்லாம் போட்டுப் பார்த்துட்டேன் மேடம். லைன் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆள்தான் அனுப்பலை” என்றார் மாசிலாமணி.

பெனாசிர் பையை இறக்கி வைத்தார்.

ஆற்று நீரை அளக்கும் அலுவலகத்தின் கணினி அறை அது. மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு வயது. பதிவேட்டுப் பிரிவை மூடியபோது அவரை இங்கே தூக்கிப் போட்டார்கள். முப்பது வயது பெனாசிர் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து, வெளியிலிருந்து வருவதை நிறுத்திச் சோதிக்கும் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்ள அவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

மற்ற நாட்களில் அங்கே ஏசி சத்தம் மட்டும்தான். டீக்குப் போகிறவர்கள் மாசிலாமணியைக் கூப்பிட மறந்துவிடுவார்கள்.

மலைமேல் கருங்காட்டாற்றில் சடையன் என்று ஒருவர். பகலில் மணிக்கொரு தடவை நீர்மட்டம் பார்த்துக் கணினியில் அனுப்ப வேண்டியவர். நாற்பது நாளாக எதுவும் வரவில்லை. அவரை வேலையைவிட்டு நிறுத்தும் கடிதம் தயாராகிவிட்டது. லைனில் பழுதில்லை என்று மாசிலாமணி தரவேண்டிய அறிக்கைதான் பாக்கி.

“என்ன போட்டீங்க சார்?”

“இருக்கியான்னு கேக்கற பிங் போட்டேன். நாலு அனுப்பினேன். நாலுக்கும் பதில் வந்துச்சு.”

“அது நீங்க கூப்பிட்டது. அவர் கூப்பிட்டதைக் கேட்டீங்களா?”

மாசிலாமணி நாற்காலியைத் தள்ளி இடம் விட்டார்.

பெனாசிர் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தார். அந்த மலை நிலையத்திலிருந்து ஃபயர்வாலின் வெளிப்பக்கத்துக்கு வருவதை மட்டும் காட்டும் கட்டளை.

“இனி எதையும் அடிக்காதீங்க. பாருங்க.”

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திரை சும்மா கிடந்தது.

பதினோரு மணிக்கு ஒரு வரி வந்தது.

ஒரு நொடி கழித்து அதே வரி. பிறகு இரண்டு நொடி. பிறகு நாலு. எட்டு. ஒவ்வொரு தடவையும் சடையனின் கணினி இன்னும் அதிகம் காத்திருந்து கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு ஃபயர்வாலின் உள்பக்கத்தைப் பார்த்தார்கள். ஒரு வரிகூட வரவில்லை.

“நடுவுல யார் தடுக்கறது?”

மாசிலாமணி விதிகளின் பட்டியலை வரவழைத்தார். பதினேழாவது விதி. பழசையெல்லாம் சுத்தம் பண்ணுகிறேன் என்று நாற்பது நாள் முன்பு அவரே போட்டது. தடு, பதில் சொல்லாதே. தடுத்தது எத்தனை என்று பக்கத்தில் ஓர் எண்.

அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான்தான் மேடம்.”

“திறந்துடுங்க.”

திறந்தார். ஒரு மணிக்கு நீர்மட்டம் வந்து சேர்ந்தது. ஒன்று புள்ளி நாலு மீட்டர்.

“தப்பு என்னோடதுன்னு அறிக்கை எழுதிடறேன்.”

பெனாசிர் டெலிபோனை அவர் பக்கம் நகர்த்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“சடையனா? கீழ ஆபீஸ்லேருந்து மாசிலாமணி பேசறேன். நாப்பது நாளா நீங்க அனுப்பினது எதுவும் உள்ள வரலை. நான் பண்ணின தப்பு.”

மறுமுனையில் ஆற்றின் இரைச்சல் கேட்டது.

“அப்படிங்களா. அனுப்பினா கம்ப்யூட்டர்ல வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கும். சிக்னல் இல்லைன்னு நெனச்சேன்.”

“ஒரு பதிலும் வராம எப்படிங்க மணிக்கு மணி அனுப்பிக்கிட்டே இருந்தீங்க?”



“முன்னாடி மட்டும் யாருங்க பதில் போட்டாங்க?”