வீரணன் வண்டியின் ஹேண்டில்பார்

ஜைனம்பிடம் பைக் மெக்கானிக் வேலை கற்க வந்தபோது தேவசகாயத்துக்கு வயது நாற்பத்தாறு. குருவைவிடப் பதினோரு வயது மூத்த சீடர். மில்லை மூடிவிட்டார்கள், வேறு வழியில்லை. அவர் 'மேஸ்திரிம்மா' என்பார், அவள் 'அண்ணே' என்பாள்.

இரண்டு வருடத்தில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டார். நத்தத்தில் கடைக்கு இடம் பார்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை திறப்பு என்று மனைவி ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

ஜைனம்பின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தனியாகக் கடை போடுகிறவர், கடைசியாக ஒரு வண்டிக்கு ஹேண்டில்பாரைச் சரியாக வைத்துக் கொடுக்க வேண்டும். வண்டிக்காரர் வலிக்கிறது என்று திரும்பி வரக் கூடாது. வந்தால் திறப்பு விழா தள்ளிப்போகும்.

"நாலு போல்ட்டு. இதுக்கு ஒரு பரீட்சையா?" என்று தேவசகாயம் சிரித்தார்.

பால்காரர் வீரணன் திங்கட்கிழமை வந்தார். தோள் வலி.

"நேரா உட்காருங்க" என்றார் தேவசகாயம்.

ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுப்பதுபோல வீரணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேவசகாயம் டேப் வைத்து அளந்தார், நோட்டில் குறித்தார், ஹேண்டில்பாரைப் பின்னால் இழுத்து இறுக்கினார்.

செவ்வாய்க்கிழமை வீரணன் திரும்பி வந்தார். "இப்ப கழுத்தும் சேந்து வலிக்குதுங்க."

மறுபடி நேராக உட்கார வைத்தார். மறுபடி அளந்தார். ஒரு நூல் பிசகவில்லை.

புதன்கிழமை வீரணன் முகம் வெளுத்து வந்தார். "கை மரத்துப்போச்சுண்ணே. பிரேக்கப் பிடிக்க முடியல. ஒரு ஆட்டுக்குட்டி மயிரிழையில தப்பிச்சுது."

தேவசகாயம் நோட்டை எடுத்துக்கொண்டு குருவிடம் ஓடினார்.

"மேஸ்திரிம்மா, சரியான அளவு எவ்வளவு? அதை மட்டும் சொல்லிருங்க."

"வீரணண்ணன்கிட்ட எத்தனை மாடு இருக்கு?"

"மாடா?"

"கேட்டீங்களா?"

"கேக்கலையே."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாளே என்று தேவசகாயம் குழம்பிப்போனார்.

ஜைனம்பு வெளியே வந்தாள். வண்டியை ஸ்டாண்டு போட்டாள். காலி பால் கேன்கள் இரண்டிலும் தண்ணீர் நிரப்பச் சொல்லி, பின்னால் மாட்ட வைத்தாள். வீரணன் ஏறி, வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தினார். அவள் ஸ்பேனரை எடுத்து நாலு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தினாள். அதற்கு மேல் எதையும் தொடவில்லை.

"எந்த மாடுண்ணே இப்ப கறக்குது?"

"எங்கம்மா கறக்குது! மயிலைதான் இந்நேரம் கறக்க வேண்டியது. போன வாரம் கன்னு செத்துப்போச்சு."

"அய்யோ. எப்படி?"

வீரணன் சொல்ல ஆரம்பித்தார். கன்று தலைமாறி வந்தது, டாக்டர் வர நேரமானது, மயிலை மூன்று நாளாகத் தண்ணீர்கூட வாய் வைக்காதது. சொல்லச் சொல்ல, தினமும் ஓட்டும்போது இருப்பதுபோல அவர் முதுகு வளைந்தது. கேனுக்கு இடம் விட்டு டாங்க்கை ஒட்டி முன்னால் நகர்ந்தார், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கையை ஆட்டிப் பேசினார், கண்ணைத் துடைத்தார், கை திரும்பி ஹேண்டில்பாரில் விழுந்தது. இறுக்காத ஹேண்டில்பார் அந்தக் கைக்கு இணங்கி முன்னால் நகர்ந்து நின்றது.

ஜைனம்பு போல்ட்டை இறுக்கினாள். வீரணன் அதைக் கவனிக்கவே இல்லை.

அவர் போனதும் தேவசகாயம் டேப்பை வைத்துப் பார்த்தார். முன்பு குறித்ததற்கும் இதற்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம். மறக்காமல் நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை வீரணன் பட்டறை வாசலில் ஹாரன் அடித்துக் கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போனார். தேவசகாயத்துக்கு உயிர் வந்தது.

"அவரு திரும்பி வரல மேஸ்திரிம்மா. அப்ப நாளைக்குத் திறக்கலாம்ல?"

"ஹேண்டில்பார வச்சது யாரு?"

தேவசகாயத்துக்கு அவமானமாக இருந்தது. மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெற்றிலை வியாபாரி வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். மணிக்கட்டைப் பிடித்துவிட்டபடி, "ஓட்டவே முடியலங்க" என்றார்.

ஜைனம்பு ஸ்பேனரைச் சீடர் கையில் கொடுத்தாள். "இவரு திரும்பி வராம இருக்கட்டும். நாளைக்குக் காலையில நானே வந்து கடையத் திறந்து வைக்கிறேன்."

வியாபாரி வண்டியில் ஏறி நெஞ்சை நிமிர்த்தினார். தேவசகாயம் நோட்டைப் புரட்டினார். இரண்டு விரற்கடை என்று இருந்தது. முன்னாலா, பின்னாலா, யாருக்கு? ஒன்றும் விளங்கவில்லை. மெல்லக் குருவின் பக்கம் குனிந்தார்.

"மேஸ்திரிம்மா, இவருகிட்டயும் மாட்டைப் பத்திதான் கேக்கணுமா?"

"இவருக்கு மாடு இருக்கான்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"